எட்டாம் அதிகாரத்தில் பேசுவது யார்?

அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். யாரோ சொன்னதாக எதைப் போட்டிருந்தாலும் மூலத்தைத் தேடுவான். குறள் என்று இருந்தால் குறளைப் புரட்டுவான், அரசாணை என்று இருந்தால் ஆணையின் நகலைக் கேட்பான். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவ வீட்டுக் கடை திறப்பு அழைப்பிதழ் என்றால் அதில் அநேகமாக ஒரே வசனம்தான் வரும்: யோபு 8:7. தொடக்கம் சின்னதாக இருந்தாலும் கடைசியில் நிறைந்து பெருகும் என்ற பொருளில் வரும் வசனம். மளிகைக் கடைக்கும் அதுதான், செல்போன் கடைக்கும் அதுதான்.

ஒரு நாள் எழுத்துப் பிழை பார்க்க வேதாகமத்தைத் திறந்தவன், கண் நழுவி அதிகாரத்தின் முதல் வரிக்குப் போய்விட்டேன். பேசுகிறவர் கடவுள் இல்லை. யோபும் இல்லை. பில்தாத். யோபுவின் நண்பர்கள் மூவரில் ஒருவர். காற்றடித்து வீடு இடிந்து பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிற மனிதனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்கான பலன் கிடைத்தது, நீயாவது யோக்கியனாக இருந்தால் கடவுள் உன்னைத் தூக்கிவிடுவார் என்று ஆறுதல் சொல்ல வந்த ஆள். பிள்ளைகளைப் பற்றிய அந்தப் பேச்சு நாலாம் வசனத்தில் இருக்கிறது. நம் அழைப்பிதழ் வசனம் அதற்கு மூன்று வசனம் தள்ளி. புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கடவுள் இந்த மூன்று நண்பர்கள் மேலும் கோபப்பட்டு, என்னைப் பற்றி நீங்கள் பேசியது சரியில்லை என்று கண்டித்து, ஏழு காளையும் ஏழு ஆட்டுக்கடாவும் பலியிடச் சொல்கிறார்.

யோபுவின் முடிவு பெருகியது உண்மைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 42-ஆம் அதிகாரத்தில் ஆடு மாடெல்லாம் இரட்டிப்பாகத் திரும்புகிறது. ஆனால் பில்தாத் போட்ட கணக்கின்படி அல்ல. நல்லவனாக இருந்தால் பெருகும், நஷ்டம் வந்தால் எங்கோ பாவம் என்ற அந்தக் கணக்கை உடைப்பதற்குத்தான் நாற்பத்திரண்டு அதிகாரம். உடைந்துபோன கணக்கைப் பொன்னெழுத்தில் அச்சடித்துக் கடை வாசலில் மாட்டுகிறோம்.

அழைப்பிதழ் வாங்க வந்தவரிடம் கேட்டேன். "தம்பி, இந்த வசனத்தைச் சொன்னது யாருன்னு தெரியுமா?"

"வேதத்துல இருக்குல்லா அண்ணாச்சி."

"பில்தாத்."

"பாஸ்டர் ஜெபம் பண்ணித் தந்த வசனம் அண்ணாச்சி. அதுல நாம கை வைக்கக் கூடாது. அவங்க படிச்சவங்க. நமக்கென்ன தெரியும்?"

அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். கடையும் நன்றாகத்தான் ஓடுகிறது. அந்தத் தம்பியோடு எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. அவர் வாயில் வந்த வாக்கியத்தோடுதான் வழக்கு. அது சபைகளில் பல வேஷத்தில் உலவுகிறது. மூலமொழி தெரியாதவன் சரிபார்க்க முடியாது என்பார்கள். ஆளாளுக்குப் புரட்டினால் ஆளுக்கொரு சபை கிளம்பும் என்பார்கள். வசனத்தைச் சோதிப்பதே விசுவாசக் குறைவு என்பார்கள். எதுவும் எடுபடவில்லை என்றால், அபிஷேகம் பெற்ற ஊழியக்காரரைக் கேள்வி கேட்கலாமா என்று முடித்துவிடுவார்கள்.

கடைசியில் வருவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வாயைப் பூட்ட அதைப் போல இன்னொன்று கிடையாது. சபைக் கணக்கில் ஒரு வரவு ஏன் ஏறவில்லை என்று கேட்ட மூப்பர் ஒருவரை அந்த ஒரே வசனத்தால் உட்கார வைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சங்கீதம் 105:15, 1 நாளாகமம் 16:22-லும் வரும். தாம் அபிஷேகம் செய்தவர்களைத் தொடக் கூடாது என்று கடவுள் எச்சரிக்கிறார். யாரை எச்சரிக்கிறார்? மூன்று வசனம் மேலே போனால் போதும். எண்ணிக்கையில் கொஞ்சப் பேராக, சொந்த நிலம் இல்லாமல், தேசம் தேசமாக அலைந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தைப் பற்றிய பாட்டு அது. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு வகையறா. எச்சரிக்கை அவர்களை நசுக்கிப் போடக்கூடிய ராஜாக்களுக்கு. அதிகாரம் உள்ளவன் நாதியற்றவன் மேல் கை ஓங்காதே என்பது அங்கே பேச்சு. இன்றைக்கு அதை மைக் பிடித்திருப்பவர் பெஞ்சில் இருப்பவரைப் பார்த்துச் சொல்கிறார்.

அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருக்கும் கதைகளில் ஒன்று ஆதியாகமம் 20-இல் கிடக்கிறது. கேராருக்குப் போன ஆபிரகாம், உயிருக்குப் பயந்து மனைவி சாராளைச் சகோதரி என்று சொல்லிவிடுகிறார். ராஜா அபிமெலேக்கு அவளை வரவழைத்துக்கொள்கிறான். ராத்திரி கனவில் கடவுள் வந்து, அவன் தீர்க்கதரிசி, அவன் மனைவியைத் திருப்பி அனுப்பு என்று மிரட்டுகிறார். விடிந்ததும் அபிமெலேக்கு என்ன செய்கிறான்? சாராளை அனுப்புவதற்கு முன்பே ஆபிரகாமைக் கூப்பிட்டு நிறுத்தி, எங்களுக்கு ஏன் இப்படிச் செய்தாய், உனக்கு நான் என்ன குற்றம் செய்தேன் என்று நேருக்கு நேர் கேட்கிறான். என் தீர்க்கதரிசியையே கேட்கிறாயா என்று கடவுள் குறுக்கே வரவில்லை. ஆபிரகாம் பதில் சொல்கிறார், அதுவும் மழுப்பலான பதில்: ஒருவகையில் அவள் சகோதரிதான், ஒரே தகப்பன், வேறு தாய். தீர்க்கதரிசியைத் தொடக் கூடாது என்ற எச்சரிக்கை பிறந்த இடத்திலேயே தீர்க்கதரிசி விசாரிக்கப்படுகிறார்.

சவுலின் மேல் கை போட மறுத்த தாவீதையும் துணைக்கு இழுப்பார்கள். அந்தத் தாவீது குகையை விட்டு வெளியே வந்து, அறுத்து வைத்திருந்த சால்வைத் துண்டைத் தூக்கிக் காட்டி, ராஜாவின் முகத்துக்கு நேராக அவர் செய்வது அநியாயம் என்று முறையிட்டதும் அதே 1 சாமுவேல் 24-இல்தான் இருக்கிறது. பவுல் அந்தியோகியாவில் பேதுருவை எல்லார் முன்னிலையிலும் எதிர்த்துக் கேட்டதைக் கலாத்தியருக்கு அவரே எழுதினார். பேதுருவையே கேட்கலாம் என்றால் நம் ஊர்ப் போதகரைக் கேட்பதற்கு எந்தத் தடையும் எனக்குத் தெரியவில்லை.

மூலமொழி வாதத்துக்கு வருவோம். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் காலூன்றி நிற்கிறது. எபிரேயமும் கிரேக்கமும் வருஷக்கணக்கில் படித்தவர்களுக்கு எனக்குத் தெரியாதது தெரியும். அவர்கள் எழுதிய உரைகளை வாங்கி வைத்துப் படிக்கிறேன். ஆனால் எட்டாம் அதிகாரத்தில் பேசுவது பில்தாத் என்று கண்டுபிடிக்க எபிரேயம் எதற்கு? முதல் வசனத்திலேயே தமிழில் பேர் போட்டிருக்கிறது. நான் இதுவரை சரிபார்த்த மேற்கோள்களில் பெரும்பாலானவை மூலமொழிச் சிக்கலே இல்லாதவை. மேலே நாலு வசனம், கீழே நாலு வசனம் படித்தாலே சாயம் வெளுத்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. மூலமொழி தெரியாதவன் பேசக் கூடாது என்கிறவர்கள்தான் பீடத்தில் மூலமொழியை வைத்து வித்தை காட்டுவார்கள். வல்லமைக்குக் கிரேக்கத்தில் துனாமிஸ், அதுதான் டைனமைட், ஆகவே ஆவியின் வல்லமை மலையை உடைக்கும் வெடிமருந்து என்று முழங்கியதும் சபை அல்லேலூயா சொல்லும். ஆல்ஃபிரட் நோபல் தன் வெடிமருந்துக்குக் காப்புரிமை வாங்கியது 1867-இல். பழைய கிரேக்கச் சொல் ஒன்றை எடுத்துத் தன் சரக்குக்குப் பேர் வைத்தார், அவ்வளவுதான். பேரனின் சேட்டையைப் பார்த்துத் தாத்தாவுக்கு ஜாதகம் எழுதுகிற வேலை இது.

மூலமொழிச் சிக்கல் உண்மையிலேயே இருக்கிற இடத்தில்கூடச் சாதாரண வாசகன் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. இரண்டு மொழிபெயர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே மூக்கில் வாசனை ஏறும். 1 யோவான் 5:7-ஐப் பழைய தமிழ் வேதாகமத்தில் பாருங்கள்: பரலோகத்தில் சாட்சி கொடுக்கும் மூவர் பற்றிய வாக்கியம் இருக்கும். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே இடத்தைப் பாருங்கள்: அது இருக்காது. ஏன் என்று கேட்டால் கதை நீளும். எராஸ்மஸ் 1516-இலும் 1519-இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அந்த வாக்கியம் இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 1522 பதிப்பில் சேர்த்தார். பழைய கிரேக்கப் பிரதிகளில் அது காணப்படவில்லை என்பதால் பிற்காலப் பதிப்புகள் விட்டுவிட்டன. திரித்துவம் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டு இல்லை, பதற வேண்டாம். ஒரு வேறுபாட்டைக் கண்டு கேள்வி கேட்க எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

வசன எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெய்ப்புக்காரன் என்பதால் இதில் எனக்குத் தனிப் பிரியம். அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற பேராயர் போட்டவை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சகர், 1551-இல். குதிரைமேல் போய்க்கொண்டே போட்டார் என்று ஒரு கதை. தேடி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று ஒரு அச்சுக்காரர் வைத்த அடையாளங்களைக் கத்தரிக்கோல் கோடுகளாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டும் தனியாக உயிர் வாழும் என்று நம்பிவிட்டோம். பவுல் எழுதியது கடிதம். கடிதத்தில் பன்னிரண்டாம் வரியை மட்டும் கிழித்து ஃபிரேம் போட்டு யாராவது மாட்டுவார்களா?

ஆளுக்கொரு சபை கிளம்பும் என்ற பயம்தான் இவற்றில் கனமானது. அதற்கு எதிர்த்தரப்பு எடுத்துக்காட்ட வேண்டிய ஆளை நானே எடுத்துத் தருகிறேன்: வில்லியம் மில்லர். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து விவசாயி. இறையியல் கல்லூரி பக்கம் போகாதவர். 1816-இலிருந்து வேதாகமத்தையும் ஒரு ஒத்தவாக்கிய அகராதியையும் மட்டும் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். தானியேல் 8:14-இல் வரும் 2300 நாட்களை 2300 வருஷமாக்கிக் கணக்குப் போட்டு, 1843 வாக்கில் கிறிஸ்து திரும்பி வருவார் என்றார். அந்த வருஷம் போனது. அவருடைய இயக்கத்தைச் சேர்ந்த சாமுவேல் ஸ்னோ நாளையே குறித்தார்: 1844 அக்டோபர் 22. மில்லரும் கடைசியில் தலையாட்டினார். ஆயிரக்கணக்கானோர் அந்த ராத்திரி காத்திருந்தார்கள். அறுவடை செய்யாமல் பயிரை விட்டவர்கள் உண்டு. மறுநாள் எப்போதும்போல விடிந்தது.

பார்த்தீர்களா, தானாகப் படித்ததன் லட்சணம் இதுதான் என்பார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மில்லர் செய்தது வியாக்கியானம். மற்றவர்கள் செய்யத் தவறியது சரிபார்ப்பு. அந்த நாளையும் நாழிகையையும் தூதர்களும் அறியமாட்டார்கள் என்று இயேசு சொன்னது மத்தேயு 24:36-இல் அதே வேதாகமத்தில், ஒவ்வொருவர் வீட்டு மேசைமேலும் இருந்தது. அதைக் காட்டிக் கேட்டவர்கள் அப்போதே இருந்தார்கள். கூட்டத்தின் காதில் ஏறவில்லை. ஒருவர் தானாகப் படித்தார், ஆயிரம் பேர் அவர் படித்ததை நம்பினார்கள். பிரிந்து போன சபைகளின் வரலாற்றைப் புரட்டினால் அநேகமாக இதே கதைதான் வரும். உரத்துப் பேசும் ஒருவரும் புரட்டிப் பார்க்காத பலரும் சேர்ந்தால்தான் பிரிவினை. பலரும் புரட்டிப் பார்க்கிற சபையில் அப்படி ஒருவரால் அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

சோதிப்பது விசுவாசக் குறைவு என்பதற்கு வேதாகமமே நல்ல பதில் வைத்திருக்கிறது. மத்தேயு 4-இல் சாத்தான் இயேசுவிடம் வசனம் சொல்கிறான். 91-ஆம் சங்கீதம், அதுவும் வார்த்தை பிசகாமல். என்ன, நடுவில் ஒரு துண்டைக் காணோம். தூதர்கள் உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காப்பார்கள் என்ற பொருள் வரும் பகுதியை விழுங்கிவிட்டான். கோயில் உச்சியிலிருந்து குதிப்பது யாருடைய வழியும் இல்லையே. இயேசு வேதத்தில் இருக்கிறதே என்று குதித்துவிடவில்லை. உபாகமத்திலிருந்து இன்னொரு வசனத்தை எடுத்து வைத்தார். அப்போஸ்தலர் 17-இல் பெரோயா ஊர் யூதர்கள் பவுலின் பிரசங்கத்தை ஆவலோடு கேட்டுவிட்டு, அவர் சொல்வது அப்படித்தானா என்று தினமும் வேதத்தைப் புரட்டினார்கள். அதற்காக அவர்களுக்குக் கிடைத்த பட்டம் நற்குணசாலிகள் என்பது. வசன எண் கிடையாது, வீட்டுக்கு ஒரு பிரதி கிடையாது, ஜெப ஆலயத்துச் சுருள்களைத்தான் விரித்துத் தேட வேண்டும். சரிபார்க்கப்பட்டவரோ பவுல்!

எத்தியோப்பிய மந்திரி மட்டும் பாக்கி. ஒருவர் விளக்காவிட்டால் எனக்கு எப்படிப் புரியும் என்று அவர் பிலிப்பிடம் கேட்டாரே, அதுதானே போதகர் வேண்டும் என்பதற்கு ஆதாரம் என்பார்கள். வேண்டாம் என்று யார் சொன்னது? அந்த மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவைத் தானே வாசித்துக்கொண்டு வந்தார். வாசித்ததால்தான் கேள்வி வந்தது. என்ன கேள்வி? தீர்க்கதரிசி இங்கே தன்னைப் பற்றிப் பேசுகிறாரா, வேறொருவரைப் பற்றியா? பில்தாத் விஷயத்தில் நான் கேட்ட கேள்வியின் கூடப்பிறந்தது இது. பிலிப்புவும் எங்கோ ஒரு வசனத்துக்குத் தாவாமல் அவர் வாசித்த இடத்திலிருந்தே பேசத் தொடங்கினார்.

தசமபாகம் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பத்திரிகை தாங்காது. மல்கியா 3:10-ஐ மாதாமாதம் கேட்கிறவர்கள் அதற்கு ஐந்து வசனம் மேலே கூலிக்காரனின் கூலியை அபகரிப்பவர்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று பார்க்கட்டும். உபாகமம் 14-இல் அந்தப் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தவனே குடும்பத்தோடு கடவுள் சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டும் என்றும், மூன்றாம் வருஷம் அது லேவியனோடு அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் போக வேண்டும் என்றும் இருக்கிறது. இதைக் காணிக்கை நேரத்தில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தபோது, ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. இங்கேயே சின்ன எழுத்து வார்த்து அச்சடித்தார்கள். இந்திய மொழி ஒன்றில் புதிய ஏற்பாடு அச்சேறியது அதுவே முதல் முறை. அவ்வளவு பாடும் வாசகன் கையில் புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான். போதகர் சொன்னால் போதும் என்றால் போதகருக்கு மட்டும் ஒரு கையெழுத்துப் பிரதி எழுதிக் கொடுத்திருக்கலாம். முந்நூறு வருஷம் கழித்து அந்தப் புத்தகத்தை ஜிப் வைத்த தோல் உறைக்குள் போட்டு ஆராதனைக்கு எடுத்துப் போய் எடுத்து வருகிறோம்.

போன புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வழக்கம்போல் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வந்தன. அவரவர் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். ஒருவருக்கு உபாகமம் 28:13, வாலாக்காமல் தலையாக்கும் வசனம். அந்த அதிகாரத்தில் மொத்தம் 68 வசனம், ஆசீர்வாதம் 14, மீதி 54-உம் சாபம், 44-ஆம் வசனத்தில் நீ வாலாவாய் என்றே இருக்கிறது என்று சொல்ல நாக்கு துடித்தது. நள்ளிரவில் ஒருவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். என் அத்தைக்கு எரேமியா 29:11. கடவுள் உங்களைக் குறித்து வைத்திருக்கும் நினைவுகள் நல்லவை, முடிவு நல்லது என்கிற வசனம்.

காலையில் வீட்டுக்குப் போனபோது அட்டை சாமி படத்துக்குக் கீழே இருந்தது. அத்தை முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "தம்பி விசா இந்த வருஷமே வந்துரும்யா. ஈஸ்டருக்குள்ள வந்துரும்னு ஜெபிச்சுச் சொல்லிட்டாவ."

"வசனத்துக்கு மேல என்ன இருக்குன்னு பாத்தீங்களா அத்தை?"

பார்க்கவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து, பெரிய எழுத்து வேதாகமத்தை மடியில் வைத்து, விரலை ஓட்டி வாசித்தார். பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதிய கடிதம் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்ற இடத்தில் சிரித்தார். பத்தாம் வசனத்தில் விரல் நின்றது.

"எழுபது வருஷமா! எனக்கே எழுபத்தொண்ணு ஆகுதேய்யா."

"அந்த ஆட்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்."

"இங்க என்னமோ, தீர்க்கதரிசிங்க உங்களை ஏமாத்த விடாதீங்கன்னு போட்டிருக்கு. யாரைச் சொல்லுதாரு?"

"முந்தின அதிகாரத்துல ஒருத்தர் வருவார். அனனியான்னு பேரு."

பக்கத்தைப் பின்னால் திருப்பினார். எரேமியா கழுத்தில் மர நுகத்தோடு நிற்கிற அதிகாரம் அது. அத்தை உதடு அசைய வாசித்துக்கொண்டே போனார். ரெண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துரும்னு சொல்லுதாரே இவரு, என்று தனக்குள் முனகினார். எரேமியாவும் அப்படியே ஆகட்டும்ங்காரே, என்றார். நான் கொண்டுவந்து வைத்த காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

"காப்பி ஆறுது அத்தை."

"இருய்யா," என்றார் தலை நிமிராமல். "நுகத்தை ஒடிச்சிட்டான்."